தெரியாத மொழி

நர்சிங் காலேஜிலிருந்து வந்த பெண்
நான்கு தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.
பெயர் எழுத வேண்டாம் சிஸ்டர்,
டிக் போட்டால் போதும்.

'கடந்த ஒரு மாதத்தில்
மனம் சோர்ந்ததாக உணர்ந்தீர்களா?'
ஒருபோதும் இல்லை. எப்போதாவது. அடிக்கடி. எப்போதும்.

மதியம் இரண்டரை.
வேலூர் வெயில் ஜன்னல் கண்ணாடியில்
உள்ளங்கையை வைத்து நிற்கிறது.
பதினாறு நாற்காலி, பதினாறு பாட்டில்.
சொட்டுக்கு மட்டும் அவசரமில்லை.

மூன்றாவதில் பேரணாம்பட்டு வாஜித் பாய்,
தோல் ஷாப் தொட்டியில் முப்பது வருஷம் ஊறிய கை.
நரம்பைத் தேடித் தட்டித் தட்டிப் பார்க்கிறேன்.
"பாலாறுதான் சிஸ்டர்,
தோண்டினா கொஞ்சம் வரும்" என்கிறார்.
சிரித்துவிட்டேன்.
மாஸ்க்குக்குள்ளே யாருக்குத் தெரியும்.
இரண்டாவது குத்தில்
ரத்தம் மெல்ல எட்டிப்பார்த்தது.

'நோயாளிகளின் துயரம்
பணி முடிந்த பின்னும் உங்களைத் தொடர்கிறதா?'

துயரமா, இல்லை.
நரம்புதான் தொடர்கிறது.
பாகாயத்திலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்த கையையெல்லாம் பார்க்கிறேன்.
கண்டக்டருக்குக் கயிறு மாதிரி,
கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.
கனகாம்பரம் விற்கிறவளுக்குப்
புறங்கையில்தான் கிடைக்கும்.
கொசப்பேட்டைக் கல்யாணத்தில்
மணப்பெண்ணின் மருதாணிக் கையைப் பிடித்தவள்
வாழ்த்துச் சொல்ல மறந்து நின்றேன்.
சுகந்தி இடுப்பில் கிள்ளினாள்.

'பணியிடத்தில் அழுததுண்டா?'

முதல் வருஷம், துணி ரூமில்,
நானும் சுகந்தியும்.
பாதியில் மணி அடித்தது,
ஒன்பதாம் நாற்காலியில் பாட்டில் தீர்ந்துவிட்டது.
மீதியை இன்னும் அழவில்லை.

'நோயாளியின் மொழியில் பேச உங்களால் முடிகிறதா?'

பெங்காலி வந்துவிட்டது.
யாரும் வகுப்பு எடுக்கவில்லை.
ஜோல் என்றால் தண்ணீர்.
ப்யாத்தா என்றால் வலி.
காந்தி ரோட்டு லாட்ஜ் ரூம்களில்
மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மீன் பொரித்து
கடுகெண்ணெய் வாசத்தோடு வருகிறவர்கள்
பதினோரு வருஷமாகக் கற்றுக்கொடுத்தது.

நிருபம் மண்டல், முப்பத்துநாலு வயது,
மால்தா பக்கம் கணக்கு வாத்தியார்.
போன மாதம்
ஊசிமேல் நான் பிளாஸ்டர் ஒட்டும்போது கேட்டார்:
"பாலோ ஹோபோ தோ?"
சரியாகிடுவேன்தானே?

எனக்குப் புரிந்தது.
"ஹிந்தி? இங்கிலீஷ்?" என்று கேட்டுவிட்டு
பாட்டிலை உயர்த்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.
அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.
அன்று காலையில்தான் அவளிடம்
பெங்காலியிலேயே அதட்டியிருந்தேன்,
நீயும் ரெண்டு இட்லி சாப்பிடு என்று.

இதற்கு
டிக் போடக் கட்டம் இல்லை.

இன்று அவருக்கு நாலாவது சைக்கிள்.
சட்டை பெரிதாகியிருந்தது.
எதுவும் கேட்கவில்லை.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்,
உட்கார நேரமே இல்லாத ஷிப்டில்.
"ஆமி ஜானி நா" என்றேன்.
எனக்குத் தெரியாது.
ஸ்கேன் வரட்டும்,
டாக்டரிடம் சேர்ந்தே கேட்போம்,
கேட்கும்போது நானும் கூட நிற்கிறேன்
என்பதையெல்லாம்
தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தேன்.
ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார்.
வாத்தியார்தானே.
திருத்தியதைத் திரும்பச் சொன்னேன்.
அதன்பிறகுதான் கையை நீட்டினார்,
இந்தத் தடவை இடது.

ஒரே குத்தில் கிடைத்தது.

தாளை வாங்க அந்தப் பெண் வந்து நிற்கிறாள்.
சோர்வுக்கு 'எப்போதாவது' போட்டேன்.
பொய்யா என்று தெரியவில்லை.
கடைசியில்
'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா' என்று
இரண்டு கோடு காலியாக இருந்தது.
பேனாவைத் திறந்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்:

பன்னிரண்டாம் நாற்காலிக்கு மேலே
ஏசி ஒழுகுகிறது.
தயவுசெய்து சரிபார்க்கவும்.