மான் குறுக்கே வந்தது

கழுவித் தந்திருந்தான்.
அதில்தான் எனக்குச் சந்தேகம் தொடங்கிற்று.

பதினொரு மாதம் சீட்டுக் கட்டி எடுத்த
மவுண்டன் பைக்.
ஒருநாளும் நான் அதைக் கழுவியதில்லை.
உப்புவெளி மணல் செயினில் கிடக்கும்,
கன்னியா வீதிச் செம்மண்
சட்டத்தின் அடிவயிற்றில் காய்ந்திருக்கும்.
போன இடங்களுக்கு வேறென்ன ரசீது.

ரொட்னி ஒக்கர்ஸ், பக்கத்து மேசை.
வெள்ளி பின்னேரம் கந்தோர் வாசலில் கேட்டான்:
"ரெண்டே நாள். வெல்கம் விகாரைப் பக்கம் போட்டு வாறன்."
ஓம் என்றது வாய்.
என் வாய் எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால் போகும்.
கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன்,
ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபடி மாற்றாதே என்று
மூன்று தரம்.
சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று
என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை கேற்றில் சாய்ந்து நின்றது
ஞானஸ்நானம் முடிந்த பிள்ளை மாதிரி.

உவர்மலை ஏற்றத்தில் முதல் சத்தம்.
கடக். பிறகு கடக் கடக்.
செயின் பல்லுக்குப் பல் தாவி
தனக்குப் பிடித்த இடத்தில் குந்தியது.
இறங்கிப் பார்த்தேன்.
முன் சில்லில் இரண்டு கம்பி மட்டும் புதுசாய் மினுங்க,
வலது பெடல் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்
சைக்கிளிலிருந்து வந்த ரோசா நிறம்.

"மான் குறுக்கே வந்தது" என்றான்,
கோப்பிலிருந்து தலை தூக்காமல்.
"கோட்டை வாசலடியில."

இந்த ஊரில் மான் செய்யாத குற்றமில்லை.
பஸ் பிந்தினால் மான்.
கொடியில் கிடந்த சாரம் கிழிந்தால் மான்.
பேச வைத்திருந்த பேச்சை
தேநீரோடு விழுங்கினேன். சூடு.

மட்கோவில் ஜவாத் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார்.
"காது வளைஞ்சிட்டு, தங்கச்சி."
பின் கியரைத் தாங்குகிற சின்னத் துண்டு,
பெருவிரல் அளவு அலுமினியம்.
"நிமித்தினா உடையும். உடையத்தான் செஞ்சிருக்கான்.
இது போகாட்டி சட்டம் போயிரும்."
சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும்.
மூன்று கிழமை.

மூன்று கிழமை நடந்தேன்.
ரொட்னி தன் மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் மெதுவாக்கி
ஏறச் சொல்லுவான்.
நடக்கத்தான் விருப்பம் என்பேன்.
செருப்பு ஒரு பக்கம் தேய்ந்தது.

வளைந்த காதை அவன் மேசையில் வைத்தேன்,
பஞ்சிங் மெசினுக்குப் பக்கத்தில்,
ஒரு சொல்லும் இல்லாமல்.
நாலாம் நாள் என் மேசையில் ஒரு பொட்டலம்:
புதிய காது, பஸ் பார்சல் துண்டோடு,
அவன் கையெழுத்தில் என் பெயர், ஒரு கொம்பு குறைய.

அது வேறு மொடலுக்கானது.
துளை ஒன்று இடம் மாறி இருந்தது.

"பொருந்திச்சா?"
"பொருந்திட்டு" என்றேன்.
அவன் முகம் விரிந்ததைப் பார்த்து
ஜவாத்துக்குக் கட்டிய நாலாயிரத்து இருநூறை
மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.
அந்தப் பொருந்தாத காது
இப்போது என் சாவிக்கொத்தில்.

சனிக்கிழமை விடிய, டொக்யார்ட் வீதி இறக்கம்.
கடலில் இன்னும் வெளிச்சம் விழவில்லை.
மதிலோரம் ஈரமாய் ஏதோ அசைந்தது,
புள்ளி புள்ளியாய்.
வாயில் பொலித்தீன் பை தொங்க
ஒரு கொம்பன்
வீதி தனக்கென்று நடந்து வந்தது.

முன் பிரேக்கை அழுத்தினேன்.
அது ஆறு மாதமாய் அரைவாசிதான் பிடிக்கும்.
எனக்குப் பழக்கம். சொல்ல நினைவில்லாத அளவு
பழக்கம்.

பிடித்தது.
மானின் மூச்சு ரோசா பெடலில் படுகிற தூரத்தில்
சைக்கிள் நின்றது.

குனிந்து பார்த்தேன்:
புதுக் கேபிள்.
நுனி அவிழாமல்
மீன் வலை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது.
ஜவாத் அப்படிக் கட்டமாட்டார்.