கம்பிப் பதம்

லா பிரெவீன். சனி, விடிகாலை நாலு மணி.
மைனஸ் இருபத்தெட்டு.
வானுக்குள் நூற்றுநாற்பது ரொட்டி,
இன்னும் சூடு ஆறவில்லை.
சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் ஒரு தரம் முனகியது,
தொண்டையில் பாகு அடைத்ததுபோல.
பிறகு அதுவுமில்லை.

குற்றவாளியை எனக்குத் தெரியும்.
நவம்பரில், லு லோக்கிளில், கழிவு விலைத் தட்டில்
அஞ்சு லீட்டர் கேன், நாற்பத்தெட்டு பிராங்க்:
இருபது டபிள்யூ ஐம்பது.
அடுத்த தட்டில் சைபர் டபிள்யூ முப்பது,
நூற்றிருபது.
சைபருக்கா இவ்வளவு காசு என்று
சிரித்துக்கொண்டு வந்தேன்.
டபிள்யூவை வாட் என்று நினைத்தேன்,
பல்பில் இருப்பதுபோல.

வாட் இல்லை. வின்டர்.
முன்னால் நிற்கும் எண்
குளிரில் அதன் நடையைச் சொல்கிறது:
சிறுத்தால் ஓடும், பெருத்தால் தவழும்.
பின்னால் நிற்பது
கொதிக்கும் எஞ்சினுக்குள் எவ்வளவு தடிப்பாய்
தாக்குப்பிடிக்கும் என்று.
கேனின் முதுகில் மூன்று மொழியில் எழுதியிருந்தது.
நான் விலையை மட்டும் வாசித்தேன்.

ஆர்லெட் தன் காரில் வந்தாள்.
நாலு நடை போய்
தலேர் வரைக்கும் ரொட்டியைச் சேர்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அன்றிரவு பால்கனியில் இரண்டு கிண்ணம் வைத்தேன்.
விடிய எடுத்துச் சரித்தால்
செயற்கை எண்ணெய் உடனே வந்தது.
எள் என்றால் எண்ணெயாய் நிற்பது என்பார்களே,
அது.
கனிம எண்ணெய் பாதிக் கிண்ணத்தில் நின்று
யோசித்தது.
அதனுள் இருந்த மெழுகு
வெளிறிக் கலங்கிப் போயிருந்தது.

ஒற்றைக் கம்பிக்கும் இரட்டைக் கம்பிக்கும் நடுவில்
பாகு எத்தனை விநாடி நிற்கும் என்று
இந்த இரண்டு விரலுக்கும் தெரியும்.
இதே விரலால் ஒரு சொட்டு எண்ணெயை
தொட்டுப் பார்க்க ஏன் தோன்றவில்லை?

இரட்டை எண் எண்ணெய்க்குள்
நீளமான சங்கிலிகள் இருக்கின்றனவாம்.
குளிரில் சுருண்டு கிடக்கும்;
சூடு ஏற ஏறப் பிரிந்து நீளும்.
எனக்குள் சுருண்டு கிடந்ததும்
திங்கட்கிழமை கோப்பிச் சூட்டில் பிரிந்தது.

வான் இருவருக்கும் பாதிப் பாதி.
கணக்குக் கொப்பியில் நான் எழுதியிருந்தது:
ஒயில், நூற்றிருபது.
மிச்சம் எழுபத்திரண்டு
வசந்தராணியின் சீட்டுக்குப் போனது.

சொன்னேன். என் பிரெஞ்சு
இருபது டபிள்யூவில்தான் வந்தது.
ஆர்லெட் கரண்டியால் கலக்கினாள்,
சீனி போடாத கோப்பியை.
வெகுநேரம்.

பிறகு சொன்னாள்:
"பின்கதவுக் கீல் கத்துகிறது.
அதற்கு எண்ணெய் வேண்டாம், வழிந்துபோகும்.
கிரீஸ் வாங்கு, பூசின இடத்தில் நிற்கும்.
பில்லையும் கொண்டு வா."

செவ்வாய். கிரீஸ், ஆறு பிராங்க் தொண்ணூறு.
பில்லை ஒட்டிவிட்டேன்.
அதற்கு மேலே
நூற்றிருபதை வெட்டி நாற்பத்தெட்டு என்று
அவள் கையெழுத்து.
ஓரத்தில் ஒரு கிரீஸ் விரலடையாளம்,
யாருடையது என்று தெரியவில்லை.