பன்னிரண்டு நிமிடம் மிச்சம்

லாபிஸ் பெரிய சாலையில் ஆ கியோங் கடை.
கண்ணாடிக்குள்ளே இரண்டு: ஒரு குச்சி, ஒரு பெட்டி.
குச்சி நூற்றுப் பத்து வெள்ளி. பெட்டி இருநூற்று எழுபது.
"டிவி எத்தனை வருசம்?"
தம்பிக்கு மில்லில் முதல் போனஸ் வந்தபோது வாங்கியது.
விரல் விட்டேன். பதினொன்று.
"அப்போ பெட்டி வேஸ்ட்லா" என்று
அவனே அதை உள்ளே தள்ளினான்.
வியாபாரம் தெரியாதவன்.
அதனால்தான் அவனிடமே போகிறேன்.

பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொன்று.
அட்டை இல்லாத குச்சி,
மூடி தொலைந்த ரிமோட்,
பேட்டரி விழாமல் ஒரு ரப்பர் பேண்டு.
"ஒரு மாசம்தான் யூஸ் பண்ணாங்க. அறுபது."
ஸ்கூல் வேனின் டயருக்கென்று எடுத்து வைத்த காசு.
அறுபது குறைந்தால்
டயர் இன்னும் ஒரு மாதம் வழுக்கையாக ஓடும்.
ஓடட்டும்.

வீட்டில் தவநேசன்,
மில்லின் இரும்புப் படியில் எண்ணெயை மிதித்தவன்,
வலது கால் முழங்கால்வரை மாவுக்கட்டு.
கூரைத் தட்டுக்கு மூன்று மாதமாய்ப் பணம் கட்டவில்லை.
திரையில் ஒரே ஒரு வரி, மலாயில், மரியாதையாக,
எங்களை அலுவலகத்துக்கு
அழைத்துக்கொண்டே இருந்தது.
அதையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தான்.

டிவியின் முதுகில் துளை ஒன்றுதான்.
அதில் செத்துப்போன டிகோடர்.
பிடுங்கினேன்;
கூடவே ஒட்டடை, ஒரு பல்லி முட்டை.
கரண்டு டிவியே கொடுக்கும் என்றான் ஆ கியோங்.
கொடுக்கவில்லை.
எழுந்தது, விழுந்தது, எழுந்தது, விழுந்தது,
இவன் ஊன்றுகோலோடு குளியலறைக்குப் போகிற மாதிரி.
என் போன் சார்ஜரைக் கொடுத்தேன்.
நின்றது.

வைஃபை கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து.
மேலே, வலம், வலம், கீழே,
ஐயோ தாண்டிவிட்டது, இடம்.
"ஆமை" என்றான்.
"எழுந்து வந்து நீ அடி" என்றேன்.
அவன் எழவில்லை. தகரத்தில் மழை எழுந்தது,
சிக்னலின் மூன்று கோட்டில் இரண்டு போனது.

ஒரு கோட்டில்தான் அது கேட்டது:
யார் பார்க்கிறீர்கள்?
நான்கு வட்ட முகம்.
அபா. மாக். அடிக்.
நான்காவதற்குப் பெயரில்லை, வெறும் ஒரு புள்ளி.
யாரோ ஒரு வீடு,
அழிக்க மறந்து விற்ற வீடு,
எங்கள் சுவரில் வந்து உட்கார்ந்திருந்தது.

வேண்டாம் என்பதற்குள்
தம்பி ரிமோட்டைப் பிடுங்கி மாக்கை அழுத்திவிட்டான்.
தொடர்ந்து பார்க்க: பதினெட்டாம் பாகம்.
பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.
சிவப்புக் கோடு முக்கால் வழியில் நின்றிருந்தது.
மாக் ஏன் நிறுத்தினாள்?
சோறு அடிபிடித்ததா?
அவளைக் கேட்காமலே
குச்சியைக் கழற்றினார்களா?

"அழிடா முதல்ல."
"முடிச்சிட்டு அழிப்போம்க்கா. பாவம்."
பார்த்தோம்.
பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி
ஒரு கடிதத்தை நாலாய்க் கிழித்தாள்,
பிறகு குனிந்து பொறுக்கினாள்.
பதினேழு பாகம் தெரியாத எங்களுக்கு
ஏன் என்று விளங்கவில்லை.
தவநேசன் மூக்கை உறிஞ்சினான்.
கால் வலி என்றான்.

பிறகு அமைப்புகள். கீழே. இன்னும் கீழே.
எல்லாம் அழியும், உறுதியா?
உறுதி என்று அழுத்தியது நான்தான்.
திரை கறுத்தது. அதில் நாங்கள் இருவரும் தெரிந்தோம்,
அவன் கட்டுக்காலும் தெரிந்தது.

மொழிப் பட்டியலின் அடியில் தமிழ் இருந்தது.
அழுத்தினோம்.
"மீண்டும் முயற்சிக்கவும்" என்று
நல்ல தமிழில் மறுத்தது.
மறுபடி ஒரு பெரிய எழுத்து, மேலே, வலம், வலம்.

ராத்திரி குச்சியின் நீல விளக்கு
கண்ணைக் குத்துகிறது என்றான்.
மாவுக்கட்டுக்கு வாங்கிய டேப்பில்
நகம் அளவு கிழித்து ஒட்டினேன்.
ஐந்து மணிக்கு வேன் எடுக்க வேண்டும்.
படுத்தபின் அவன் குரல்:
"அக்கா, அவ அதைப் படிச்சாளா, கிழிச்ச பிறகு?"
எனக்கு எப்படித் தெரியும்.
பத்தொன்பதாம் பாகம் எதில் வருகிறது என்று
நாடகத்தின் பேரைக்கூட நாங்கள் பார்த்து வைக்கவில்லை.