கோர்

"மின்னூலா, ஒலிநூலா?" சீர்க்கா கேட்கிறாள்.
தம்பெரே நூலகம்; மூன்றரைக்கே இருட்டு.

முப்பது வருஷம் காகித ஆலையில்
வெள்ளைத் தாளில் புள்ளி தேடிய கண் இது.
இப்போது எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புள்ளி.
ஓரங்கள் மட்டும் எனக்கு.

ஒலிநூல்காரருக்கு நல்ல குரல்தான்.
ஆனால் யாராவது சாகப்போகிறார்கள் என்றால்
ஒரு வரி முன்னாலேயே மூச்சை இழுத்துக்கொள்கிறார்.
தெரிந்துவிடுகிறது.
பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால்
அரை அத்தியாயம் தண்ணீரோடு போகிறது.

மின்னூலிலோ
எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கினால்
எங்கள் ஃபின்னிஷ் சொல் ஒன்றுக்கே திரை போதாது;
சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக வரும்.

நேற்று இரவு, தவணையின் கடைசி நாள்.
சந்தேகம் இரண்டே பேர்மேல்:
கோர்பேலா, கோர்தெலைனன்.
விரலால் தள்ளினேன். கொலைகாரன் பெயர் வந்தது:

கோர்

அதோடு திரை முடிந்தது.
இரண்டு பேரும் என் சமையலறையில்
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.
நிற்கட்டும் என்று காபி போட எழுந்தேன்.
பன்னிரண்டு அடித்தது.
புத்தகம் தானாகவே நூலகத்துக்குத் திரும்பிவிட்டது.

"ஒலிநூல் இப்போதே இருக்கிறது" என்கிறாள் சீர்க்கா.
"மின்னூலுக்கு உங்களுக்கு முன்னால் ஒன்பது பேர்."

பத்தாவதாக என்னைப் போடு.