கிக்கர்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது
ஒரு குழந்தையின் முழங்கை மடிப்பில்
நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.
"வலிக்காதுடா, எறும்புக் கடிதான்" என்று
நாளைக்கு நாற்பது முறை சொல்கிற பொய்யை
அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரோ என் பிள்ளையை அடித்துவிட்டார்கள்
என்றுதான் நினைத்தேன்.
மஞ்சக்குப்பம் மைதானத்தை
ஷேர் ஆட்டோ சுற்றி முடிப்பதற்குள்
அடித்தவன் முகம், அவனைப் பெற்றவள் முகம்,
அவளிடம் கேட்கவேண்டியவை
எல்லாம் தயார்.
'வீட்ல என்னத்தச் சொல்லிக் குடுத்து வளக்கறீங்க?'
கடைசிக் கேள்வி அது.

ஜெனோவா டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"செய்யறது உங்க இனியன்தாங்க" என்றார்.

ஏழாம் வகுப்பு, சி பிரிவு, ஜன்னலோர பெஞ்சு.
டில்லிபாபு என்றொரு பையன்.
சொந்தப் பெயரின் முதல் எழுத்திலேயே
அவனுக்கு நாக்கு சிக்கிக்கொள்ளும்.
அவன் எழுந்து வாய் திறந்ததும்
பெஞ்சுக்கு அடியில் என் மகன்
வலது காலைத் தூக்கி
கிளம்பாத வண்டியை உதைப்பதுபோல்
காற்றை உதைப்பானாம்.
சத்தம் வராது.
பிறகு பெஞ்சு முழுக்க உதைத்தது.
பிறகு வகுப்பு.
நாலு மாசம்.
"போர்டு பக்கத்துலேர்ந்து எனக்குத் தெரியவே இல்ல"
என்று சொல்லும்போது
டீச்சர் தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தப் பையன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான்:
'யார் கேட்டாலும் பெயருக்குப் பதில்
என் நம்பரைச் சொல்லலாமா மிஸ்?
பதினெட்டு எனக்கு நன்றாக வரும்.'

"இப்பவே கூப்பிடுங்க டீச்சர்.
எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கட்டும்."
"வேணாம்" என்றார்.
"இவன் கேட்டுட்டா
அவன் 'பரவாயில்ல'ன்னு சொல்லியாகணும்.
அவனுக்குப் பரவாயில்லையான்னு
இன்னும் யாரும் கேக்கலியே."

இடத்தை மாற்றுவது இனியனுக்குத்தான், டில்லிபாபுவுக்கு இல்லை.
இடைவேளையில் அவரே வராந்தாவில் நிற்பார்.
சிரித்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார்.
வெள்ளிக்கிழமைதோறும் எனக்குப் போன் பண்ணுவார்.
"நல்ல சேதியாவே இருக்கும்னு நெனைக்காதீங்க."

கெடிலம் பாலத்தில் நடந்தே திரும்பினோம்.
"சும்மா வெளயாட்டுக்குத்தாம்மா.
அவனுக்கு வலிக்கவா போவுது?"
எறும்புக் கடி.
"யார்கிட்டடா கத்துக்கிட்ட?"
கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தான்.
பாலத்தின் பாதியில்
எனக்கே ஞாபகம் வந்துவிட்டது.

இம்பீரியல் ரோட்டில் என் வீட்டுக்காரரின் மெக்கானிக் ஷாப்.
ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவருபவர் ஒருவர் திக்குவார்.
ராத்திரி சாப்பாட்டில்
இவர் அதேபோல் பேசிக்காட்டுவார்.
நடுவில் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டி,
இல்லாத வண்டியை உதைப்பார்.
'இன்னிக்குக் கிக்கர் வந்தாப்ல.'
எத்தனை ராத்திரி.
ரசம் ஊற்றிய கரண்டியோடு
புரையேறச் சிரித்திருக்கிறேன் நான்.

அன்றைக்குச் சொன்னேன்.
முதலில், "பசங்கன்னா அப்படித்தான்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அவரு தப்பா எடுத்துக்கற ஆளில்ல."
அந்த மனிதருக்குப் பேர் என்ன என்று கேட்டேன்.
ஆறு வருஷப் பழக்கம்.
இவருக்குத் தெரியவில்லை.
பாதிச் சோற்றில் கை கழுவினார்.

காலையில் மழை விட்டிருந்தது.
வண்டி நனைந்து கிடந்தது.
செல்ஃப் ஸ்டார்ட் போய் இரண்டு வாரம்.
உதைத்தார்.
பையை மாட்டிக்கொண்டு இனியன் நின்றான்.
இன்னொரு உதை. இன்னொன்று.
ஏழாவதில்
தூக்கிய கால் தூக்கியபடி நின்றுவிட்டது.
மகனைப் பார்த்தார்.
மகன் அந்தக் காலைப் பார்த்தான்.

பள்ளி மணி அடித்திருக்கும்.
நான் கேட்டைப் பிடித்திருந்தேன்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அது தானாகக் கிளம்பட்டும் என்பதுபோல்
காத்துக்கொண்டு நின்றோம்.