வாயில்லாப் பெட்டி

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை,
ஒரு கட்டில், இரண்டு போர்வை,
ஆளுக்கு எட்டாயிரம் போட்டு வாங்கிய
பழைய கேம் பெட்டி.
மெட்டில்டாவுக்கு ராத்திரி ஷிப்ட். எனக்குப் பகல்.
அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது
நான் கம்பெனி பஸ்ஸில்
சிப்காட் பனிக்குள் போய்க்கொண்டிருப்பேன்.

ஞாயிறு தவிர
நாங்கள் பார்த்துக்கொண்டது ஆட்டத்துக்குள்தான்.
மலைமலையாகக் கடிதம் சுமக்கும் ஒரு தபால்காரி,
அவளுக்கு ஒரு கோவேறு கழுதை,
சேமித்து வைக்க ஒரே ஓர் இடம்.
நான் ஆற்றின் நடுவில் அவளை நிறுத்திவிட்டுத் தூங்குவேன்.
மெட்டில்டா கரையேற்றி, சத்திரத்தில் படுக்கவைத்து,
கழுதைக்குக் கொள்ளு வைத்து,
விளக்கை எரியவிட்டுப் போயிருப்பாள்.

ஒருமுறை என் மழைக்கோட்டை
நாற்பது காசுக்கு விற்றுவிட்டாள்.
இரண்டு ஞாயிறு பேசவில்லை.
யார் கோட்டுன்னு அதுல எழுதியிருந்ததா, என்றாள்.
எழுதியிருக்கவில்லை.

பிறகு அவளை ஒரகடத்துக்கு மாற்றினார்கள்.
பெட்டி அவளுக்கு. வட்டும் அவளுக்கு.
எனக்கு எட்டாயிரம், குக்கர்,
கட்டிலின் மறுபாதி.

தீபாவளி போனஸில் பாகலூர் ரோட்டுக் கடையில்
புதிய தலைமுறைப் பெட்டி, பன்னிரண்டு மாதத் தவணை.
வட்டு போடும் வாய் இல்லாதது
நாலாயிரம் குறைவு என்றார் இம்தியாஸ் பாய்.
குறைவானதையே எடுத்தேன்.
பழைய பெயரிலேயே நுழைந்தேன்.
ஓடிபி மெட்டில்டாவின் நம்பருக்குப் போக,
எவன்டி திருடன் என்று கூப்பிட்டாள்.
நான்தான் என்றேன்.

பிறகுதான் தெரிந்தது:
பழைய வட்டு வைத்திருப்பவருக்குப் புதிய பதிப்பு இலவசம்.
வட்டைச் செருகிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.
வாயில்லாத பெட்டியில் எதைச் செருக?
ஏற்கனவே எனக்குப் பாதி சொந்தமானதை
முழு விலைக்கு வாங்கினேன்.
தொண்ணூறு ஜிபி. பக்கத்து அறை வைஃபை.
வியாழன் தொடங்கி சனி முடிந்தது.

திறந்தால் தபால்காரி
முதல் கிராமத்தில் வெறுங்காலோடு நிற்கிறாள்.
என்னைத் தெரியாத முகம்.
கழுதைக்குப் பெயர் வை என்கிறது.

சேமித்தது தானாக நடந்து வராதாம்.
பழைய பெட்டியில், பழைய ஆட்டத்துக்குள் போய்,
யாரும் திறக்காத ஒரு மெனுவில்
அனுப்பு என்று யாராவது அழுத்த வேண்டும்.
அந்த யாராவது ஒரகடத்தில்
ஷிப்ட் முடிந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.
அனுப்பினா எனக்கு இருக்காதாடி?
இருக்கும். இங்கே நகல்தான் வரும்.
அப்போ இவ ரெண்டு பேரா ஆயிடுவாளா?
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும்.
சரி, செல்லு நெட்ல போடறேன், இரு.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு வந்து சேர்ந்தது.
வந்ததும் கோப்பைகள் உதிர ஆரம்பித்தன,
டிங், டிங், டிங்,
முப்பத்தொன்றும் மூச்சுவிடாமல்.
பனிக் கணவாய் ஒன்றுக்கே நாலு வாரம் செத்தோம்;
அதற்கும் அரை விநாடி.
இரண்டே கால் வருடத்துக்கும்
ஒரே தேதி போட்டிருந்தது, இன்றைய தேதி.
ஆடிய நேரம் அறுநூற்றுப் பதினோரு மணி.
அதில் நான் எவ்வளவு என்று
அதற்கும் தெரியாது.

தபால்காரி பாலத்துக்கு இந்தப்புறம் நின்றாள்.
புல் இப்போது ஒவ்வொன்றாக அசைகிறது.
கழுதையின் காதில் ஒரு கிழிசல்.
முன்பே இருந்ததா,
பழைய பெட்டிக்குக் காட்டத் தெரியவில்லையா?

புதன்கிழமை மெட்டில்டா படம் அனுப்பினாள்.
அவளுடையவள் பாலம் தாண்டி
ஏதோ சந்தையில் புதுக் கோட்டோடு நிற்கிறாள்.
என்னுடையவள் ஆற்றில் இறங்கியிருந்தாள்.
நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கினேன், பழக்கத்தில்.

காலையில் திறந்தால்
அதே இடம். முழங்கால் தண்ணீர்.
கழுதைக்குப் பசிக்கிறது என்று
மூலையில் சின்ன எழுத்து.
வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.
கொள்ளு எந்த ஊரில் விற்பார்கள் என்று
மெட்டில்டாவைத்தான் கேட்க வேண்டும்.