ஓட்டுநர் நிற்கும் பக்கம்

முப்பத்தைந்து யூரோவுக்கு வாங்கினேன்.
புகைபோக்கியின் விளிம்பு உடைந்திருந்தது,
பின்சக்கரம் ஒன்று நொண்டியது.
மூலூஸ் விளையாட்டரங்கில் ஞாயிறு சந்தை;
வெளியே நவம்பர் மழை,
உள்ளே ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை.
"பிரஷ்யாக்காரி" என்றார் விற்றவர்,
செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே,
மீன் கொடுப்பதுபோல்.

பகலில் எனக்குப் பல் செய்யும் வேலை.
யாருடைய வாய் என்று தெரியாது,
அச்சு வரும், சீட்டு வரும்:
மேல்தாடை, இடது, கடைவாய், சாயம் ஏ மூன்று.
பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போனால் போதும்.
இரவில் அதே துளைக்கருவி,
அதே பூதக்கண்ணாடி;
இருபத்தொரு சென்டிமீட்டர் என்ஜின்
மேசையில் மல்லாந்து கிடக்கும்.

இவளை அல்சாஸ் ரயில்வேக்கு மாற்ற வேண்டும்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, கோடைகாலம்.
காதுமடல்போல் நின்ற புகைத்தகடுகளைக் கழற்றினேன்,
அவை பிறகு வந்தவை.
அவை விட்ட துளைகளை
யாரோ ஒருவர் பல்லுக்குப் போக மிஞ்சிய பிசினால் அடைத்தேன்.
ஃபிஷ்பாக் தொலைபேசியில் கேட்டார்:
ரிவெட்டுகளை எண்ணினாயா?
எண்ணினேன்.
தண்ணீர்த்தொட்டியில் ஒரு வரிசை அதிகம்.
"அரம் இருக்கிறதல்லவா" என்றார்.
இருந்தது.

கறுப்பு, கரைப்பானில் தோல்போல் உரிந்தது.
கீழே பச்சை.
பச்சை சரி, எதிர்பார்த்ததுதான்.
அதற்கும் கீழே, ஓட்டுநர் அறையின் இடப்பக்கம்,
வெள்ளை மையில், ஒற்றைமயிர்த் தூரிகையால்
கையால் எழுதிய ஓர் எண்.
கடைசி மூன்று கொஞ்சம் நடுங்கியிருந்தது.
எண்ணுக்கு மேலே ருமேனிய ரயில்வேயின் முதலெழுத்துகள்.

ஆக, எனக்கு முன்பே ஒருவர்
இவளைப் புக்காரெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்.
இன்னொருவர் திருப்பி அழைத்திருக்கிறார்.
ஓட்டுநர் பொம்மையை இடுக்கியால் பிடுங்கினேன்:
தரையில் வலப்பக்கம் இரண்டு பாதம், பழைய பசையில்.
இடப்பக்கம் இரண்டு பாதம்.
ஒவ்வொன்றும் அரிசியில் பாதி.

பிரான்ஸில் ரயில் இடப்பக்கம் ஓடும்.
இங்கே, ஜெர்மனி போட்டுவிட்டுப் போன பாதையில்,
இன்றும் வலப்பக்கம்.
பழைய எல்லையருகே ஒரு தண்டவாளம்
மற்றதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்.
ஆட்டுத்தாவல் என்று அதற்குப் பெயர்.
சங்கத்து மேசையிலும்
அட்டையும் பிளாஸ்டரும் குழைத்து ஒன்று கட்டியிருக்கிறோம்.
"வலப்பக்கம் நிறுத்து, இது அல்சாஸ்" என்றார் ஃபிஷ்பாக்.
ஆட்டுத்தாவல் தாண்டினால்? என்று கேட்டேன்.
நெடுநேரம் பதிலில்லை. பிறகு,
"சூப் ஆறுகிறது" என்று வைத்துவிட்டார்.

கரைப்பான் தோய்த்த பஞ்சை
அந்த நடுங்கிய மூன்றுக்கு மேலே பிடித்திருந்தேன்.
ஒரு துடைப்பு போதும்.
தெருவில் கடைசி டிராம் போயிற்று.
பஞ்சு காய்ந்துவிட்டது.

வலப்பக்கம் அல்சாஸ் எண்ணை ஒட்டினேன்,
பித்தளைத் தகட்டில், விதிப்படி.
இடப்பக்கம் வார்னிஷ் மட்டும்.

சனிக்கிழமை ஓட்டம்.
வளையத்துக்கு உள்ளே, விசைப்பலகைக்குப் பக்கத்தில்
ஃபிஷ்பாக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.
அவருக்கு எப்போதும் வலப்பக்கம்தான் தெரியும்.
"குறையே இல்லை," என்றார், "ரிவெட் உட்பட."
வளையத்துக்கு வெளியே
வெப்பக்குழாய் பழுதுபார்க்க வந்த கோர்னேல்
குனிந்தபடியே நின்றுவிட்டான்.
மூன்று எழுத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.
அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தான்.
அதற்கும் அடுத்த சுற்றுக்கு.
குறடு கையிலேயே இருந்தது, அறை குளிர்ந்துகொண்டிருந்தது.
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓட்டுநர் மட்டும்
இன்னும் என் பட்டறை இழுப்பறையில்,
பஞ்சில் சுற்றி,
செவ்வாய்க்கிழமை அனுப்பவேண்டிய
ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில்.
ரயில் அவரில்லாமலே
நேரத்துக்கு ஓடுகிறது.